ஒரு பாட்டு முந்திய மணி

புதன்கிழமை காலையில் கோயில் துணி மூட்டை வந்துவிடும். மாதா கோயிலின் எடுபிடி வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை அதைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து, இறங்காமலேயே ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று, "இஸ்திரியக்கா, சாமி துணி வந்திருக்கு" என்று குரல் கொடுப்பார். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து வாங்கிக்கொள்வாள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து, மடித்துக் கொடுத்துவிட வேண்டும். பதினாறு வருடமாக இப்படித்தான் நடக்கிறது. இந்த வாரம் முழுக்கத் தூறல். கஞ்சி போட்ட துணி எதுவும் விறைக்காமல், காய்ச்சல் வந்த பிள்ளை மாதிரி கொடியில் துவண்டு கிடந்தது.

பூசைத் துணி துவைப்பதற்கென்று ஒரு முறை உண்டு. கிண்ணம் துடைத்த துணியையும் பீடத்தின் நடுவில் விரிக்கிற சதுரத் துணியையும் தனி வாளியில் வெறும் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மண்ணில் ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் சோப்பு. பக்க மேசைத் துணிக்கு இந்த மரியாதையெல்லாம் கிடையாது. பூசை தொடங்கும்வரை கிண்ணமும், திராட்சை ரசமும் தண்ணீரும் வைத்த இரண்டு கண்ணாடி ஜாடிகளும் நிற்கிற சின்ன மேசையின் விரிப்பு அது. அந்த மேசையில் அவள் கணவரைத் தவிர வேறு யாரும் கை வைப்பதில்லை. ஆயர் வந்து ஏற்படுத்திவிட்டுப் போன பீடத்துணைவர் அவர். இருபத்திரண்டு வருடமாக ஞாயிறு பூசைக்கும், வார நாட்களின் விடியற்காலைப் பூசைக்கும் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நிற்கிறார். குருவானவரின் கைக்கு ஜாடி எடுத்துக் கொடுப்பது, அவர் கை கழுவத் தண்ணீர் ஊற்றுவது, மணி அடிப்பது எல்லாம் அவர் வேலை. இந்த இருபத்திரண்டு வருடத்தில் ஐந்து குருவானவர்கள் மாறிப் போனார்கள். அவர் மாறவில்லை.

முன்பெல்லாம் பக்க மேசைத் துணியில் மாதத்துக்கு ஒரு சொட்டு ரசம் இருந்தால் அதிகம். கோடை முடிந்த கையோடு வாரத்துக்கு இரண்டாயிற்று. பிறகு நான்கு. போன வாரம் எட்டு. எண்ணிக்கையைவிடச் சொட்டின் வடிவம்தான் அவளை உறுத்தியது. தானாக விழுந்த சொட்டு வட்டமாக இருக்கும். உதறித் தெறித்த சொட்டுக்கு வால் இருக்கும். ஆயுசு முழுக்கக் கறையோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டுக்கும் வால் இருந்தது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்தபடி.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. தேநீரை முக்கால் டம்ளராக ஊற்றித் தர ஆரம்பித்தாள். அவர் அதைக் கவனித்தாரோ என்னவோ, டம்ளரைத் தூக்காமல் மேசையில் வைத்தபடியே குனிந்து முதல் வாய் குடிக்க ஆரம்பித்தார். அவர் தலைவழியாகவே போட்டுக்கொள்ளட்டும் என்று, வெள்ளைச் சட்டையில் மேல் பொத்தானைத் தவிர மற்றவற்றை இரவே மாட்டித் தொங்கவிட்டாள். அவர் கை சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஏதாவது வேலைக்காக நீளும்போதுதான் நடுங்கும். அவர் ஒளிப்பதும், அவர் ஒளிப்பது தெரியாதது போல அவள் நடப்பதுமாக வீட்டில் நான்கு மாதம் ஓடிவிட்டது.

ரசம் சிந்துவதோடு நின்றிருந்தால் அவளும் சோப்புப் போட்டு அலசிவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அவருடைய பிழைப்பு ஊசி. ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்து நான்கு வருடமாக ரத்தம் எடுக்கிறார். ஊரில் அவருக்குக் கொசு என்று பெயர். கொசு கடித்தாலாவது அரிக்கும், இவர் குத்தினால் அதுகூடத் தெரியாது என்பார்கள். அவரிடம் கை நீட்டாதவர் அந்த வட்டாரத்தில் இல்லை. நற்கருணை வாங்க வரிசையில் வருகிறவர்களை முகத்தைப் பார்க்காமல் முழங்கையைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடுவேன் என்று அவரே பெருமையடித்துக்கொள்வதுண்டு.

வெள்ளிக்கிழமை, சேலை தேய்க்கக் கொடுக்க வந்த தையல்காரி கடைப் பலகையில் சாய்ந்துகொண்டு கையைத் திருப்பிக் காட்டினாள். முழங்கை மடிப்பில் கத்தரிப்பூ நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு.

"உங்க வீட்டுக்காரர் கைங்கரியம்தான். மூணு குத்து."

"உன் நரம்பு ஒளிஞ்சிருக்கும்."

"என் நரம்பு எங்க ஒளியப் போகுது? கயிறு மாதிரி இருக்குன்னு அவரே எத்தனை தடவை சொல்லியிருக்காரு. அண்ணன் கை இப்பக் கொஞ்சம் கனமாயிடுச்சுக்கா. வயசாகுதில்ல."

"அம்பத்தஞ்சு எல்லாம் ஒரு வயசா?"

"நான் குறை சொல்லலக்கா. சொன்னேன், அவ்வளவுதான்." தையல்காரி சேலையைப் பலகையில் வைத்தாள். "முந்தானையில பெட்டிய ரொம்ப அழுத்தாதீங்க. சுருங்கிப் போயிடும்."

அவள் போன பிறகு இஸ்திரிக்காரி அந்த முந்தானையை மூன்று தடவை தேய்த்தாள். திங்கட்கிழமை பரிசோதனைக் கூடத்தில் குழந்தைகள் நாள் என்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது. கைக்குழந்தைகளை மற்றவர்களிடம் விடாமல் அவரிடம்தான் அனுப்புவார்கள். நூல் மாதிரி இருக்கிற நரம்பு. அதில் மூன்று குத்து குத்தினால் என்ன ஆகும் என்று யோசித்தவளுக்குப் பெட்டியின் சூடு கையில் ஏறியதுகூடத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தூறல் விட்டுவிட்டு, மேகம் மட்டும் கலையாமல் நின்றது. கோயிலுக்குள் ஈரக் குடைகளின் வாசனை. அவள் எப்போதும் போல இடதுபுறம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர்கள் மகள் பாடகர் கூட்டத்தில் முன்வரிசையில் நின்றாள். அது பழைய கட்டடம். நடுவில் எட்டுத் தூண்கள். தூண்களுக்குப் பின்னால் இருப்பவர்களுக்குப் பீடம் தெரியாது. அவர்களுக்கு எல்லாம் காதுதான். மணி கேட்டால் முழங்கால் போடுவார்கள், அடுத்த மணிக்குத் தலை குனிவார்கள். முன்னால் இருப்பவர்கள் பீடத்தைப் பார்த்து முழங்கால் போடுகிறார்களா, பின்னால் எழும் பெஞ்சுச் சத்தத்தைக் கேட்டுப் போடுகிறார்களா என்பதை இதுவரை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

காணிக்கைப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. அவர் ஜாடிகளைக் கொண்டு போனார். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனதால் பார்ப்பவர்களுக்குப் பக்தி மாதிரிதான் இருந்திருக்கும். குருவானவரின் விரல்களில் தண்ணீர் ஊற்றினார். திரும்பி வந்து படியில் நின்று, அடுத்த பாட்டும் முடிந்த பிறகு அடிக்க வேண்டிய மணியை இப்போதே கையில் எடுத்தார். ஒரே கைப்பிடியில் நான்கு மணிகள் சேர்ந்தது அது. மூச்சு விட்டாலும் முனகும். மற்றவர்கள் என்றால் சமயம் வரும்வரை அதைப் படியில் துணி மேல் வைத்திருப்பார்கள். அவர் நான்கு மாதமாக முன்கூட்டியே எடுத்து, நாக்குகளை உள்ளே விரலால் அமுக்கிப் பிடித்துக்கொள்கிறார். கடைசி நேரத்தில் எடுத்தால் எடுக்கும்போதே சத்தம் போடும் என்ற பயம். இது ஏன் என்று கோயிலில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

பாட்டின் இரண்டாவது அடியில் விரல் நழுவியது.

முதலில் ஒரு சிணுங்கல். அவர் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அது பெரிதாகி, நான்கு மணியும் சேர்ந்து கணீரென்று அடித்தன. தூணுக்குப் பின்னால் இருந்த இருநூறு பேரும் படபடவென்று முழங்கால் போட்டார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு முன்னால் இருந்தவர்களும் போட்டார்கள். பாடகர்கள் பாதி வரியில் நிற்பதா பாடுவதா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மகள் மட்டும் தனியாக அந்த வரியைப் பாடி முடித்தாள். குருவானவர் இளைஞர், நிதானமானவர். திரும்பி, மக்களைப் பார்த்து, செபிக்கச் சொல்லி எழுப்ப வேண்டிய இடத்தில் கையை விரித்தார். எதிரில் நிற்க ஒருவரும் இல்லை. கோயில் முழுக்க மண்டியிட்டிருந்தது. ஒரு நிமிடம் கழித்து ஒவ்வொருவராக, முழங்காலைத் தட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே எழுந்தார்கள்.

கூத்து அதோடு முடியவில்லை. உண்மையான மணி வந்தபோது, அவர் இரண்டு கையாலும் பிடித்து ஒழுங்காகத்தான் அடித்தார். பாதிப் பேர் முழங்கால் போடவில்லை. ஒருமுறை ஏமாந்தாயிற்று, இன்னொரு முறை ஏமாற முடியாது என்பது போல நின்றுகொண்டே இருந்தார்கள். மூன்றாவது பெஞ்சில் அவள் முழங்கால் போட்டிருந்தாள். கண்ணை மூடவில்லை. படியில் இருந்த அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை அங்கியில், அவள் போட்ட மடிப்பு அப்படியே கலையாமல் நின்றது.

பூசை முடிந்து வாசலில் கோயில்பிள்ளை அவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன கொசு, இன்னிக்கு எல்லாரையும் ரெண்டு தடவை முட்டி போட வச்சுட்டே? என் மூட்டு வலிக்கு யாரு பதில் சொல்றது?"

"புண்ணியம்தானே. இருக்கட்டும்."

"பின்வரிசைப் பெரியவர் ஒருத்தர், பூசை சீக்கிரம் முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சு வெளிய வந்து செருப்பு மாட்டிட்டாரு. திரும்ப உள்ள தள்ளிவிட்டேன்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். குருவானவர் அந்தப் பக்கமாக வந்து, "ஒண்ணும் பிரச்சினை இல்லையேண்ணே?" என்று கேட்டார்.

"அங்கிக் கை இறுக்கிப் பிடிக்குது ஃபாதர். மணி அதுல மாட்டிக்கிச்சு."

குருவானவர் அவளைப் பார்த்து, "கை கொஞ்சம் தளர்த்தித் தந்துடுங்களேன்" என்றார். அவள் சரியென்று தலையாட்டினாள். அந்த அங்கியின் கைக்குள் இரண்டு பேர் கையை விடலாம். அதைத் தேய்ப்பவள் அவள்தான்.

வீட்டில் ரொட்டியும், வெங்காயம் வதக்கிப் போட்ட முட்டையும். சமையலறை ஜன்னலை மூடினால் புகை, திறந்தால் ஈரக்காற்று. மகள் தட்டுகளை வைத்துக்கொண்டே அப்பாவைச் சீண்டினாள்.

"அப்பா, அடுத்த வாரம் மணி அடிக்கிறதுக்கு முன்னாடி எனக்குக் கண்ணக் காட்டுங்க. நான் பாட்டச் சீக்கிரம் முடிச்சுடறேன்."

"நீ ஸ்ருதிய விடாம பாடு, போதும்."

"நான் விடலப்பா. மத்தவங்கதான் என்னைய விட்டுட்டுப் போயிட்டாங்க."

அவர் ரொட்டியைப் பிய்த்தார். கரண்டியை எடுக்கவில்லை. கொஞ்ச நாளாக எல்லாவற்றையும் கையால்தான் சாப்பிடுகிறார்.

"இந்த வாரம் பதினொண்ணு" என்றாள் அவள்.

"என்ன பதினொண்ணு?"

"பக்க மேசைத் துணியில சொட்டு. போன வாரம் எட்டு."

"ஜாடி வாய் உடைஞ்சிருக்கு. கோயில்பிள்ளைகிட்ட சொல்லணும்."

"உடைஞ்ச வாய்ல ஊத்தினா ஒரே பக்கமா வழியும். இது நாலாபக்கமும் தெறிச்சிருக்கு."

"நீ என்ன போலீசா?"

"துணி துவைக்கிறவ."

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுக்கும் சாக்கில் எழுந்து போனாள். போன இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"தூக்கம் பத்தல, அதான்" என்றார் அவர். "மழை நின்னா சரியாயிடும்."

"தையல்காரி கையப் பார்த்தேன்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"நாளைக்குக் குழந்தைங்க நாள்" என்றாள்.

"எனக்குத் தெரியாதா?"

"அந்தச் சின்னப் பொண்ணு இருக்காளே, புதுசா வந்தவ. அவ எடுக்கட்டுமே."

"அவ வந்து எட்டு மாசம்தான் ஆகுது. நான் குத்த ஆரம்பிச்சப்ப அவ பொறக்கவே இல்ல. எனக்கு நீ பாடம் எடுக்கறியா?" குரலை உயர்த்தவில்லை. தட்டைப் பார்த்தே பேசினார். "சொன்னா என்ன பண்ணுவாங்க தெரியுமா? ரெக்கார்ட் ரூம்ல போட்டுடுவாங்க. ஜன்னல் இல்லாத ரூம். போறவன் வர்றவன் எல்லாம் என்னாச்சு கொசுன்னு கேப்பான். இன்னும் மூணு வருஷம். ஓட்டிட்டாப் போதும்."

"ஓட்டிடுவீங்களா?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். எழுந்து போய்க் கை கழுவினார். அவளே போய்க் குழாயைத் திருகிவிட்டிருக்கலாம். உட்கார்ந்தே இருந்தாள்.

மறுநாள் விடியற்காலைப் பூசைக்கு அவர் கிளம்பிப் போனார். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. அவர் போன கால் மணி நேரத்தில் அவளும் கிளம்பினாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கடைக் கதவில் பூட்டைப் பார்த்த பால்காரர், "என்னக்கா, லீவா?" என்றார். "லேட்டா திறப்பேன்" என்றாள்.

இரவுப்பணி டாக்டரிடம் அடிக்கடி தலை சுற்றுவதாகச் சொல்லிச் சர்க்கரைப் பரிசோதனைக்குச் சீட்டு வாங்கினாள். பரிசோதனைக் கூடத்தின் கதவு திறக்கும்போது அவள் கையில் ஒன்றாம் நம்பர் டோக்கன் இருந்தது. அவளுக்குப் பின்னால் பெஞ்சு நிறையத் தாய்மார்கள், துண்டில் சுற்றிய பிள்ளைகள். ஒரு பிள்ளை ஊசியைப் பார்க்கும் முன்னாலேயே அழுதுகொண்டிருந்தது.

அவர் பூசையிலிருந்து நேராக வந்து வெள்ளைக் கோட்டை மாட்டியிருந்தார். "ஒண்ணு" என்று கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நீ எங்க இங்க?"

"டோக்கன் போட்டிருக்கேன்."

"உனக்கு என்ன?"

"சீட்டுல இருக்கு."

நாற்காலியில் உட்கார்ந்து, கையைச் சாய்வுப் பலகையில் நீட்டினாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடம். ஊரே அவரிடம் கை நீட்டியிருக்கிறது, அவள் நீட்டியதில்லை. பிரசவத்தின்போதுகூட வேறு யாரோதான் ரத்தம் எடுத்தார்கள். சொந்தக்காரர்களுக்குக் குத்த மாட்டேன் என்பது அவர் வைத்திருந்த ஒரே விதி.

மூலையில் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்னப் பெண், "நான் எடுக்கவா சார்? அக்கா உங்க வீட்டுக்காரங்கதானே" என்றாள்.

"சாரே எடுக்கட்டும்மா" என்றாள் அவள்.

அவர் ரப்பர் பட்டையைக் கட்டினார். அதில் குறையில்லை. நரம்பைத் தடவிக் கண்டுபிடித்தார். விரல் நுனியில் பழைய நிச்சயம் இருந்தது. பஞ்சால் துடைத்தார். ஸ்பிரிட்டின் குளிர்ச்சி காய்ந்துகொண்டிருந்தது. ஊசியை எடுத்து மூடியைக் கழற்றினார். நரம்புக்கு ஓர் அங்குலம் மேலே அது வந்து நின்றது. நின்றது என்று சொல்ல முடியாது. சின்ன வட்டம் போட்டபடி எங்கே இறங்குவது என்று தேடிக்கொண்டிருந்தது.

அவள் அதையே பார்த்தாள். மற்றவர்களைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"அந்தப் பக்கம் பாரு" என்றார் மெல்ல.

"இருக்கட்டும். குத்துங்க. பொண்டாட்டிதானே, கேஸ் போட மாட்டேன்."

குத்தினார். நரம்பு வழுக்கிக்கொண்டு போயிற்று. குப்பியில் ஒன்றும் வரவில்லை. வெளியே எடுத்து, புது ஊசி மாற்றி, சுண்டுவிரலை அவள் கையில் ஊன்றிக்கொண்டு மறுபடி குத்தினார். தோலுக்கடியில் சின்னதாகப் புடைத்தது. அவள் உதட்டைக்கூடக் கடிக்கவில்லை. வலி இருந்தது. அவர் கையால் வலிக்கும் என்று இந்த ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பின்னால் அந்தப் பிள்ளை இன்னும் அழுதது. அதன் அம்மா, "இதோ, நம்மகிட்ட வந்துடுவாரு, கொசு மாமா. வலிக்கவே வலிக்காது" என்று தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் ரப்பர் பட்டையைத் தானே அவிழ்த்தாள். அந்தக் கையை மடித்துக்கொண்டு, மற்றக் கையைப் பலகையில் நீட்டினாள்.

"இது ஒண்ணு இருக்கு" என்றாள். "இதுவும் முடிஞ்சாத்தான் அடுத்த டோக்கன்."

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பெட்டிச் சூடு பட்ட பழைய தழும்பு மணிக்கட்டில் இருந்தது. பிறகு அவளைத் தாண்டி, பெஞ்சில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். கையில் இருந்த ஊசியை மூடப் போனார். மூடியும் ஊசியும் ஒன்றையொன்று சந்திக்க மறுத்தன. மூடாமலேயே ஊசிப் பெட்டியில் போட்டார்.

"நீ வாம்மா" என்றார் சின்னப் பெண்ணிடம். "இவங்களுக்கு எடு. அப்புறம் பிள்ளைங்களுக்கும் நீயே எடு. சின்ன ஊசி ரெண்டாவது தட்டுல இருக்கு. அவசரப்படாத. நரம்பு தெரியலன்னா வெந்நீர்த் துணி வை."

"எல்லாருக்குமா சார்?"

"எல்லாருக்கும்."

பெண் ஒரே குத்தில் எடுத்துவிட்டாள். இஸ்திரிக்காரி பஞ்சை அமுக்கிக்கொண்டு எழுந்தபோது அவர் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேல் பொத்தானில் கை நின்றது. அவள் உதவிக்குப் போகவில்லை. நேரமானாலும் அவரே கழற்றி, ஆணியில் மாட்டி, கூடத்தை விட்டு வெளியே போனார்.

தாழ்வாரத்தின் கோடியில் வெளிநோயாளிச் சீட்டுக் கொடுக்கும் ஜன்னல். ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர் ஜன்னலுக்கு நேராகப் போகவில்லை. வரிசையின் வாலில் போய் நின்றார். முன்னால் நின்றவர் திரும்பி, "நீங்க முன்னால போங்கண்ணே, உங்களுக்கென்ன வரிசை" என்றார். "இல்ல, இருக்கட்டும்" என்றார். அவள் இரண்டு கைகளிலும் பஞ்சை வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். பசித்தது. வரிசை நகர்ந்தது.

சீட்டு எழுதுபவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "என்ன கொசு, ரத்தம் பத்தாம இங்கயும் வந்துட்டியா? யாருக்குச் சீட்டு?"

"எனக்குத்தான்."

"வெளையாடாதப்பா. பின்னால ஆள் நிக்குது. என்ன செய்யுது உனக்கு?"

பின்னால் நான்கு பேர் நின்றார்கள். நான்கு பேருக்கும் அவரைத் தெரியும். அவர்களுடைய எட்டு முழங்கைகளும் அவருக்குத் தெரியும். தூறல் மறுபடியும் ஆரம்பித்துத் தாழ்வாரத்தின் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டிக் கேட்க வேண்டுமென்று குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் சொன்னார்.

"கை நடுங்குது."

எழுதுபவரின் பேனா நின்றது.

"எந்தக் கை?"

அவர் வலது கையைத் தூக்கி ஜன்னல் பலகையில் வைத்தார். வைத்ததும் அது அமைதியாக, ஒரு குறையும் இல்லாத கை மாதிரி கிடந்தது. எழுதுபவர் அதைப் பார்த்தார். பிறகு, தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே, சட்டைக் கையை ஏற்றித் தன் முழங்கை மடிப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.